இடது கைக்கு ஒரு தடம்

"முதலாவது காரியம்" என்று போதகர் விரலைத் தூக்கிவிட்டார், இனி எனக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது. மூன்று காரியம் சொல்லாமல் அவர் பிரசங்கத்தை முடித்ததே கிடையாது. காரியத்துக்கு ஏழு நிமிடம், அது போக ஒரு 'கடைசியாக', ஒரு 'முடிவாக', ஒரு 'இன்னும் ஒரே ஒரு வார்த்தை', எல்லாம் சேர்த்து இருபத்தைந்து. அதற்குள் இந்தக் கீபோர்டுப் பெட்டிக்குள் பதிந்திருக்கும் பாட்டிலிருந்து முப்பத்திரண்டு தாளக் கட்டங்களை வெட்டி எடுக்க வேண்டும். எனக்கு வெட்டத் தெரியாது. வெட்டலாம் என்று விளக்கப் புத்தகத்தின் எழுபத்தோராம் பக்கத்தில் போட்டிருக்கிறது, படித்திருக்கிறேன், ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான். ஜில்லா கோர்ட்டில் முப்பத்தாறு வருடம் தீர்ப்பு தட்டச்சு செய்தவனுக்கு இங்கிலீஷ் தெரியாதா, ஆனால் அந்த வார்த்தைகள் எல்லாம் சேர்ந்து என்ன சொல்ல வருகின்றன என்பதுதான் விளங்கவில்லை. கொலைக் கேஸ் தீர்ப்புகூட இதைவிடத் தெளிவாக இருக்கும். எல்லாம் அந்த ஒரு அறிவிப்பால் வந்த வினை. பிரசங்கத்துக்கு ஏறும் முன் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "பக்கத்து ஊர்ச் சபையிலயும் இன்னைக்கு ஆராதனை இருக்கு, நேரம் கருதி காணிக்கைப் பாட்டுல முதல் சரணமும் கடைசி சரணமும் மட்டும் பாடுவோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏறிவிட்டார். இரண்டாம் சரணத்தையும் மூன்றாம் சரணத்தையும் விடச் சபைக்கு ஒரு சிரமமும் இல்லை, புத்தகத்தில் கண்ணை இறக்கினால் போதும். கை இரண்டும் இருந்த காலத்தில் எனக்கும் இருந்ததில்லை. இப்போது என் இடது கை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது நான்கு சரணத்தையும் வரிசையாகத்தான் வாசிக்கும்.

முதலில் சத்தத்தை இறக்கு. ஒலியளவுத் தண்டு பலகையின் இடது ஓரத்தில் இருக்கிறது, வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி அதைக் கீழே கொண்டுவந்தேன், கடைசி வரைக்கும், பூஜ்யத்துக்கு. இனி எதை அமுக்கினாலும் வெளியே கேட்காது, சின்னத் திரையில் கட்ட எண்கள் மட்டும் ஓடும். தொடங்கும் பொத்தான் இடது பக்கம், நிறுத்தும் பொத்தான் இடது பக்கம், வேகத்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் இடது பக்கம். வலது கை வாசிக்கட்டும், இடது கை சும்மாதானே இருக்கிறது, அது பொத்தானை அமுக்கட்டும் என்று நினைத்து எவனோ செய்திருக்கிறான். என் இடது கை மடியில் கைக்குட்டைக்கு அடியில் கிடக்கிறது. நான்கு மாதமாக அப்படித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அசைவில்லாமல் போயே போய்விட்டன, நடுவிரலும் கட்டைவிரலும் நினைத்தால் கொஞ்சம் துடிக்கும், ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னால் கேட்கும், அதுவும் சொல்லி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணின பிறகு. தினமும் காலையில் காபி வரும் முன் மேஜை மேல் அந்தக் கையை எடுத்து வைத்து ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டிப் பார்ப்பேன், தட்டச்சு படிக்கப் போன முதல் நாள் தட்டின அதே நான்கு எழுத்து. ஏ விழாது. எஸ் விழாது. டி சில நாள் விழுந்தது மாதிரி இருக்கும், விழுந்திருக்காது. எஃப் மட்டும் பிந்தி வரும். ஆறு மாதத்துக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இரண்டு மாதத்தில் மூன்று எழுத்து வருமா. வராது. எனக்கே தெரியும், வராது.

கட்டங்களைச் சரியாக எண்ணு, தப்பாக வெட்டினால் முடிந்தது கதை. பல்லவி இரண்டு தடவை, ஒன்று முதல் பதினாறு. முதல் சரணமும் அது முடிந்து பல்லவிக்குத் திரும்புவதும் சேர்த்துப் பதினேழு முதல் முப்பத்திரண்டு. இரண்டாவது நாற்பத்தெட்டு வரை, மூன்றாவது அறுபத்து நான்கு வரை, நான்காவது எண்பதில் முடிகிறது. ஆக முப்பத்து மூன்று முதல் அறுபத்து நான்கு வரை போக வேண்டும். போனால் அறுபத்தைந்து வந்து முப்பத்து மூன்றின் இடத்தில் உட்காரும். உட்காருமா, இல்லை நடுவில் வெறும் இடமாக நிற்குமா? அதைத்தான் எழுபத்தோராம் பக்கம் ஏதோ சொன்னது, ஒன்று துடைப்பது, ஒன்று நீக்குவது, இரண்டும் வேறு என்று. துடைத்தால் கட்டம் இருக்கும், உள்ளே சத்தம் இருக்காது. நீக்கினால் கட்டமே இருக்காது. ஆலயத்தில் ஐந்து சனிக்கிழமை மத்தியானங்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். முதல் சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டின் இடது கைப் பகுதியையும் பதிந்தேன், வலது கையால்தான், கீழ்க் கட்டைகளை வலது கையால் வாசிக்க உடம்பையே திருப்பி உட்கார வேண்டியிருந்தது. நிதானமாக ஓடவிட்டுப் பதிந்துவிட்டு வேகமாக ஓடவிடலாம் என்று கண்டுபிடித்தபோது சின்னப் பையன் மாதிரி சிரித்தேன், என் மனைவி எப்சிபா முன் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள், நான்கு மாதத்தில் நான் சிரித்ததை அவள் அன்றுதான் பார்த்திருப்பாள். அப்புறம் விளக்கை அணைத்து, பெட்டியை அணைத்து, வீட்டுக்கு வந்து, அடுத்த சனிக்கிழமை போய்த் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சேமிக்கவில்லை. சேமிக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? வாசித்தால் வாசித்ததுதானே என்றுதான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறேன்.

"இரண்டாவது காரியம்" என்கிறார். அதற்குள்ளாகவா? ஏழு நிமிடம் ஆகியிருக்காதே. நான்தான் நினைப்பில் போய்விட்டேன் போல. நீக்கும் பக்கத்துக்குப் போ. மூன்று தடவை பக்கத்தைத் திருப்பு, அம்பைக் கீழே இறக்கு, எதிலிருந்து என்று கேட்கிறது, முப்பத்து மூன்று, எது வரை, அறுபத்து நான்கு. எந்தத் தடம் என்று கேட்கிறது. எல்லாத் தடமும். முதல் தடம் இடது கை, இரண்டாவது தடத்தில் மெதுவாக ஒரு தாளம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டியில் பதினாறு தடம் இருக்கிறது, மற்ற பதினான்கும் எதற்கென்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஆர்மோனியத்தைத் தள்ளிவிட்டு இதை வாங்கலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தபோது எழுந்து நின்று சண்டை போட்டவனே நான்தான். "பொத்தானை அமுக்கினா அதுவே வாசிக்குற பெட்டிக்கு ஆள் எதுக்குவே? ஆளை நிறுத்திட்டுப் பெட்டியைத் துடைக்க ஒரு துணி வாங்குங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், வாங்கியும் விட்டார்கள். வந்த பிறகும் பிடிவாதமாக ஒரே ஒரு ஆர்கன் சத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாசித்தேன், ஒரு பொத்தானைத் தொட்டதில்லை. இப்போது அதே பெட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டு ஆகப் போவதும் ஒன்றுமில்லை.

திரை 'நிச்சயமா?' என்று கேட்கிறது. எதை அழிக்கப் போனாலும் இது கேட்கும். நிச்சயமில்லை அப்பா, எதுவும் நிச்சயமில்லை, அன்று காலையில் குளியலறையில் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தபோது என்னை ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை. குனிந்து எடுக்கப் போனேன், கை போனது, விரல் மூடவில்லை, செம்பு உருண்டு சுவரில் முட்டி நின்றது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் "பக்கவாதம், நல்ல வேளை, பேச்சு போகல" என்றார்கள். எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் முதலில் பேசின பேச்சு, "சபையில யார்ட்டயும் சொல்லிராத." "என்னன்னு சொல்லட்டும்?" "ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு." "ஸ்கூட்டர்ல ஒரு கீறல் கிடையாது, யாரு நம்புவா?" அவள் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் கடைக்குப் போன நேரம், ஒற்றைக் கையால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்க் காம்பவுண்டுச் சுவரில் உரசினேன். இடது பக்கம்தான் உரச வேண்டும் என்று நினைவு வைத்திருந்து உரசினேன். மூச்சு வாங்கியது, பெயிண்ட் உரிந்தது, திரும்பினால் எப்சிபா பையோடு கேட்டில் நிற்கிறாள். உள்ளே போய்விட்டாள். அப்புறம் ஒரு நாள் மட்டும் கேட்டாள், "சொல்லிட்டாத்தான் என்ன? கை முடியலன்னா உங்களைத் துரத்தியா விட்ருவாவ?" துரத்த மாட்டார்கள், அதுதானே பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் கூப்பிட்டு, முப்பத்தோரு வருட ஊழியம் என்று நான்கு வார்த்தை பேசி, பொன்னாடை போர்த்தி, எல்லாரும் கை தட்டி, மாதர் சங்கம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கீழே இரண்டாம் வரிசையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் வராத மூன்று மாதமும் வங்கி மேலாளர் வீட்டு மருமகள்தான் வாசித்தாளாம், ரொம்ப நன்றாக வாசித்தாளாம், வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே அதைத்தான் சொன்னார்கள். எனக்கு இந்த முக்காலி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் நான் யார், ஓய்வூதியக்காரன், மாத்திரை டப்பாவில் கிழமை பார்த்து விழுங்குகிறவன். இங்கே உட்கார்ந்தால்தான் நான் ஞானதுரை. நிச்சயம், அமுக்கு.

திரை ஒரு கணம் வெறுமையாக நின்றது. பிறகு 'முடிந்தது' என்று வந்தது. மொத்தக் கட்டம் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு! எண்பதில் முப்பத்திரண்டு போனால் நாற்பத்தெட்டு, அப்படியானால் நீங்கியிருக்கிறது, வெறும் இடமில்லை. தொடங்கும் பொத்தானை அமுக்கினேன், சத்தமில்லாமல் ஒன்று, இரண்டு என்று எண்கள் ஓடுகின்றன, சிவப்புப் பொட்டு தாளத்துக்கு மினுங்குகிறது, நான் வலது கையால் சத்தமில்லாத கட்டைகளின் மேல் பல்லவியை வாசிக்கிறேன், சரணத்துக்குப் போகிறேன், முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, கடைசி சரணம் நேராக வந்து சேருகிறது, விக்கல் இல்லை, இடறல் இல்லை. எப்சிபாவைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், பிரசங்கத்தைக் கேட்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லேசாகத் தலையை ஆட்டினேன். பாவம், ஐந்து சனிக்கிழமையும் எனக்காகக் காலி ஆலயத்தில் உட்கார்ந்து இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறாள், சபை எந்த வேகத்தில் பாடும் என்று நான் பிடித்துக்கொள்வதற்காக. நான் தனியாக ராகம் போட்டுப் பதிந்தால் வேகமாகிவிடுகிறது. சபை அப்படிப் பாடாது. ஒவ்வொரு வரி முடிவிலும் இழுக்கும், முன் வரிசையில் வயதானவர்கள் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் இழுக்கும், கடைசி எழுத்தை விட மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். முப்பத்தோரு வருடம் இதற்காக இவர்களைத் திட்டியிருக்கிறேன், பாடகர் பயிற்சியில் மேஜையைத் தட்டியிருக்கிறேன். "மாட்டு வண்டி பாட்டா இது, தாளத்துக்குப் பாடுங்கய்யா" என்று கத்தியிருக்கிறேன். கை இருந்தபோது அவர்கள் இழுத்தால் நானும் நிற்பேன், அவர்கள் வந்தால் போவேன், அது வாசிப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. இந்தப் பெட்டி நிற்காது. இன்று இரண்டாவது பாட்டிலேயே அரை அடி முன்னால் போய்விட்டது, வலது கையால் பூசி மெழுகி எப்படியோ கரை சேர்த்தேன், வேட்டி வரைக்கும் வியர்த்தது. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன், இனி சரியாக...

"ஆகவே பிரியமானவர்களே, இந்த இரண்டு காரியங்களையும் மனதில் வைத்தவர்களாக" என்கிறார். இரண்டா? மூன்றாவது எங்கே? மூன்றாவது காரியம் எங்கே போனது? கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பக்கத்து ஊர்ச் சபை, அடப் பாவி மனுஷா, எட்டு வருடத்தில் ஒரு நாளும் செய்யாததை இன்றைக்கா செய்வது. சபை எழுந்து நிற்கிறது. பெஞ்சுகள் கரகரக்கின்றன. பாட்டு எண்ணைச் சொல்லிவிட்டார். முதல் கட்டத்துக்குத் திருப்பு, ஆயிற்று, நாற்பத்தெட்டு இருக்கிறதா, இருக்கிறது, வலது கையைக் குறுக்கே நீட்டித் தொடங்கும் பொத்தானை அமுக்கி, உடனே திரும்பிக் கட்டைகளுக்கு வந்து பல்லவியை வாசித்தேன்.

ஒன்றும் வரவில்லை. எண் ஓடுகிறது, சிவப்புப் பொட்டு மினுங்குகிறது, என் விரல்கள் அமுங்குகின்றன, ஆலயத்தில் இருமல் சத்தமும் மின்விசிறிச் சத்தமும்தான் கேட்கின்றன. பெட்டி போய்விட்டது, வெட்டினபோது எதையோ சேர்த்து வெட்டிவிட்டேன், அய்யோ, எல்லாம் போய்விட்டது என்று ரத்தம் காதில் இரைந்த பிறகுதான் தண்டு கண்ணில் பட்டது. பூஜ்யத்தில் கிடக்கிறது. நானே இறக்கி வைத்த தண்டு. கையை எடுத்து ஏற்றப் போகிறேன், அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் பல்லவியைத் தொடங்கிவிட்டது. எப்சிபா. ஐந்து சனிக்கிழமை பாடின தொண்டை, சுருதி அச்சு அசலாக இருந்தது. இரண்டாம் வார்த்தையில் அவள் வரிசை சேர்ந்தது, மூன்றாம் வார்த்தையில் சபையே சேர்ந்துகொண்டது. இப்போது ஏற்றலாமா? திரை ஆறு என்கிறது, அவர்கள் நான்கில்தான் இருக்கிறார்கள். இப்போது ஏற்றினால் பாட்டு இரண்டாகப் பிளந்து நாறிவிடும். ஏற்றாவிட்டால் நான் எதற்கு இங்கே? விரலை எடுக்கவும் பயமாக இருந்தது. எடுத்தால் தெரிந்துவிடும். ஆகவே வாசித்தேன். சத்தமே இல்லாமல், உணர்ச்சியோடு, தோளை அசைத்து, பல்லவி முடியும்போது தலையைக்கூட ஆட்டினேன், வாசிக்கிற மாதிரியே வாசித்தேன். அவர்கள் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், வழக்கம் போல இழுத்துக்கொண்டு. என்ன குறைகிறது என்று ஒரு முகமும் திரும்பவில்லை.

பெட்டி முதலில் முடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு வந்து நின்றது, பொட்டு அணைந்தது, சபைக்கு இன்னும் இரண்டு வரி இருந்தது, நான் வெறும் கட்டைகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பையோடு என் பக்கம் வந்த ஜெபமணி, சபைச் செயலர், குனிந்து என் காதோரம் சொன்னார், "அண்ணாச்சி, இன்னைக்குத்தான் சத்தம் அளவா இருக்கு. பாடுறவங்களை அமுக்காம, இதமா. இப்படியே வாசிங்க என்ன." கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே பாராட்டுகிறார், தோளில் தட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பொன்னாடைக்குத்தானே பயந்தேன். பொன்னாடையாவது இங்கே ஒருவன் இருந்தான் என்று போடுவது. ஸ்கூட்டரைச் சுவரில் உரசினது, ஐந்து சனிக்கிழமை, எழுபத்தோராம் பக்கம், எல்லாம் இதற்கா? நான் இருக்கிறேனா இல்லையா என்று இவர்களுக்குத் தெரியவில்லை. அழ வேண்டும் போல இருந்தது, முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அழ முடியாது, கைக்குட்டையும் கையின் மேல் கிடக்கிறது.

ஜெபம் முடிகிறது. போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்கிறார். அடுத்தது மூன்று தடவை ஆமென், சபை பாடும், நான் சுருதி கொடுக்க வேண்டும். அதையும் பதிந்து வைத்திருக்கிறேன், நான்காம் எண். அந்த எண்ணுக்குப் போகவில்லை. வலது கையைக் குறுக்கே நீட்டித் தண்டை மேலே தள்ளினேன், எவ்வளவு என்று பார்க்கவில்லை, போகிற வரைக்கும் தள்ளினேன். முதல் ஆமென். வலது கையின் மூன்று விரல் மட்டும், அடியில் ஒன்றுமில்லாமல், மெலிசாகக் கீச்சென்று ஆலயம் முழுக்கக் கேட்டது. முன் வரிசைத் தலைகள் திரும்பின. ஜெபமணி திரும்பினார். அவர் கண் வலது கையிலிருந்து தேடிக்கொண்டே வந்து மடியில் நின்றது. இரண்டாவது ஆமென். எப்சிபா பாடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் பொத்தின அதே மாதிரி. மூன்றாவது தொடங்கும் முன் வலது கையால் கைக்குட்டையை எடுத்துப் போட்டேன், மடியில் கிடந்த கையைத் தூக்கிக் கீழ்க் கட்டைகளின் மேல் எல்லாரும் பார்க்க வைத்தேன், வலது கையை அதன் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அமுக்கினேன், சபை ஆமென் என்று எடுத்தது. ஆள்காட்டி விரலுக்குச் சொன்னேன். அவர்கள் வழக்கம் போல இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் பிந்தித்தான் விழுந்தது, ஒற்றைக் கீழ்ச் சுரம், பலமில்லாமல். அவர்கள் இன்னும் பாடி முடித்திருக்கவில்லை.